கணினி வந்த வழி – 17: இரண்டு கட்டளைகளுக்கு நடுவே

1957-இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் இரண்டு பொறியாளர்கள் தங்களோடு வேலை பார்த்த நிரலாளரிடம் ஒரு யோசனையைக் கொண்டுபோனார்கள். பொறியாளர்கள் பிராம் லூப்ஸ்ட்ராவும் கேரல் ஸ்கோல்டனும். நிரலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. முப்பது வயதுகூட ஆகாதவர். அவர்கள் அப்போது வடிவமைத்துக்கொண்டிருந்த எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 கணினியில் இண்டரப்ட் வசதியைச் சேர்த்தால் என்ன என்பதுதான் யோசனை. டைக்ஸ்ட்ரா வெலவெலத்துப் போனார். மாதக்கணக்கில் பிடிகொடுக்காமல் இருந்தார். இருவரும் தன்னைப் புகழ்ந்து பேசியே வழிக்குக் கொண்டுவந்தார்கள் என்று வயதான காலத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இயங்குதளங்களின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் தயக்கம் இது. இன்றைக்குச் சாதனங்களைக் கையாளும் டிரைவர் நிரல் எழுத உட்காரும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பயம் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஏன் பயந்தார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கணினிகள் பெரும்பாலும் காத்துக்கிடந்தே பொழுதைக் கழித்தன. ஓர் எழுத்தை அச்சிடும்படி தட்டச்சு இயந்திரத்துக்குச் செயலி சொல்லும். பிறகு, முடிந்ததா என்று காட்டும் ஒரு பிட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே நிற்கும். பால் பொங்குகிறதா என்று அடுப்படியை விட்டு நகராமல் நிற்பது போன்ற வேலை அது. இண்டரப்ட் வந்த பிறகு நடப்பது குக்கர் விசில் கதை: நாம் பாட்டுக்கு வேறு வேலையைப் பார்க்கலாம்; விசில் அடித்தால் எழுந்து போனால் போதும். சாதனமே ஒரு கம்பி வழியாகச் செயலிக்குச் சைகை கொடுக்கும். கையிலிருக்கும் கட்டளையை முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்கும் முன், செயலி வேறொரு நிரலுக்குத் தாவும். அங்கே வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பும்.

இது டச்சுக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க தேசியத் தர நிர்ணய அமைப்பு ராணுவத்துக்காகக் கட்டிய டைசியாக் என்ற கணினி 1954-இலேயே உள்ளீட்டு, வெளியீட்டு வேலைக்கு இண்டரப்டைப் பயன்படுத்தியது. டிரக்கில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும்படி கட்டிய இயந்திரம் அது. அடுத்து எந்தக் கட்டளை என்று சுட்டும் கவுண்டர்கள் அதில் இரண்டு இருந்தன; சாதனம் சைகை கொடுத்ததும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளும். கிளீவ்லாந்தில் விமானங்களுக்கான காற்றுச் சுரங்கச் சோதனைகளை நடத்தியவர்கள், சுரங்கத்திலிருந்து தரவு வரும்போது மட்டும் கணினி அதைக் கவனிக்க வேண்டும், மற்ற நேரத்தில் வேறு கணக்கைப் போட வேண்டும் என்று கேட்டார்கள். 1950களின் நடுவில் யூனிவாக் 1103ஏ கணினிக்கு இண்டரப்ட் கிடைத்தது அவர்களால்தான். எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் உருவான டிஎக்ஸ்-2, எந்தச் சாதனத்துக்கு முதல் உரிமை என்ற வரிசையையும் சேர்த்தது. ஆக, கம்பியும் சைகையும் முன்பே வந்துவிட்டன. அந்தச் சைகையால் நிரலாளருக்கு என்ன நேரும் என்று உட்கார்ந்து யோசித்தவராக எனக்குத் தெரிவது டைக்ஸ்ட்ராதான்.

அவர் பழகிய இயந்திரங்களுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ஒரே நிரலை, ஒரே தரவோடு இரண்டு முறை ஓட்டினால் இரண்டு முறையும் அடி பிசகாமல் ஒரே வழியில் போகும். பிழை இருந்தால் அதே இடத்தில் மறுபடியும் வரும், தேடிப் பிடித்துவிடலாம். இண்டரப்ட் வந்தால் இந்தக் குணம் போய்விடும். காகித நாடாவைப் படிக்கும் கருவியின் மோட்டார் இம்மி வேகமாகச் சுழன்றாலும் சைகை வேறொரு கட்டளைக்குப் பின்னால் வந்து விழும். நிரலில் பத்தாயிரம் கட்டளைகள் ஓடினால் பத்தாயிரம் இடைவெளிகள். அது எதில் வந்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நானே ஒரு பிழையை உள்ளே விட்டுவிட்டால் அதை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்பதுதான் அவர் கேள்வி. நூறு முறை ஓட்டிப் பார்த்துச் சரியாக வந்தாலும் நூற்றியோராவது முறைக்கு உத்தரவாதம் இல்லை. சோதித்துப் பார்ப்பது என்ற ஆயுதமே கையை விட்டுப் போகிறது.

சம்மதித்த பிறகு அவர் முதலில் நிரல் எழுத உட்காரவில்லை. நிரூபிக்க உட்கார்ந்தார். இண்டரப்ட் எந்த இடைவெளியில் விழுந்தாலும், குறுக்கிடப்பட்ட கணக்கு அதை உணராமலே தொடர முடியுமா? முடியும் என்றால், திரும்பி வரும்போது செயலியின் நிலை போகும்போது இருந்தபடியே இருக்க வேண்டும். எந்தெந்த ரெஜிஸ்டரைச் சேமிப்பது, எந்த வரிசையில் திருப்பி வைப்பது, சேமித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு இண்டரப்ட் வந்தால் என்ன செய்வது, எந்தக் கட்டத்தில் கதவைச் சாத்துவது, எப்போது திறப்பது — இவை ஒவ்வொன்றுக்கும் விடை கண்டு, எல்லாச் சூழலிலும் சரியாக நடக்கும் ஒரு முறையை வகுத்தார். இந்தப் பயிற்சி மூவருக்குமே பெரிய பாடமாக இருந்ததாக அவர் குறிப்பிடுகிறார். மற்ற நிறுவனங்களின் இண்டரப்ட் வடிவமைப்புகளில் பல ஆண்டுகளுக்கு அவரால் ஓட்டைகளைக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த நிறுவனங்களில் யாரும் இப்படி மாதக்கணக்கில் தயங்கவில்லை போலும்.

எக்ஸ்1 1958-இல் விற்பனைக்கு வந்தது. அதன் சாதனங்களைக் கையாளும் நிரல்களைப் பற்றியதுதான் 1959-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டைக்ஸ்ட்ரா அளித்த முனைவர் பட்ட ஆய்வு. மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் அல்காரிதத்துக்காகவே பாடப்புத்தகங்களில் அவர் பெயர் பெரும்பாலும் வருகிறது. அவருடைய முனைவர் பட்டம் இன்றைய சொல்லில் டிரைவர் எழுதியதற்குக் கிடைத்தது என்பதைக் கல்லூரிகளில் யாரும் சொல்வதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 1957-இல் அவருக்குத் திருமணம். பதிவேட்டில் தொழில் 'நிரலாளர்' என்று எழுதச் சொன்னபோது, அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகராட்சி மறுத்துவிட்டது. 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று எழுத வேண்டியதாயிற்று.

அவர் பயந்த பிழை எப்படி இருக்கும்? அதைக் கிட்டத்தில் பார்க்க அட்லாண்டிக்கைத் தாண்டி, 1975-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக்குப் போகலாம். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ் 1977-இல் தன் மாணவர்களுக்காக அதன் கெர்னல் முழுவதையும் அச்சிட்டு, பக்கத்துக்குப் பக்கம் விளக்கவுரை எழுதினார். மொத்தம் சுமார் 9,000 வரிகள். உரிமச் சிக்கலால் 1996 வரை அது முறையாகப் புத்தகமாக வர முடியவில்லை. அதுவரை ஜெராக்ஸ் பிரதிகளாகவே உலகைச் சுற்றியது.

அந்த 9,000 வரிகளில் ஆர்கே05 என்ற டிஸ்க்குக்கான டிரைவரும் உண்டு. பிடிபி-11 கணினியில் பூட்டிய, 2.5 மெகாபைட் கொள்ளும், கழற்றி மாட்டக்கூடிய தட்டு. நிமிடத்துக்கு 1,500 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 40 மில்லி விநாடி. அந்த நேரத்தில் செயலி பல ஆயிரம் கட்டளைகளை முடித்துவிடும் என்பதால் டிஸ்க்குக்காக அதை நிறுத்திவைப்பது கட்டுப்படியாகாது. வேலை முடிந்ததும் டிஸ்க் இண்டரப்ட் கொடுக்கும். அப்போது பிடிபி-11, தான் இருந்த இடத்தையும் தன் நிலைச் சொல்லையும் ஸ்டேக்கில் தள்ளிவிட்டு, நினைவகத்தில் எட்டடிமான எண் 220-இல் எழுதியிருக்கும் முகவரிக்குத் தாவும். அங்கே சில வரி அசெம்பிளி ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தும். பிறகு சி மொழியில் எழுதிய டிரைவர் தொடங்கும்.

டிரைவரில் முக்கியமான பகுதிகள் இரண்டு. ஒன்று, கெர்னல் ஒரு கோரிக்கையை — இந்தத் தொகுதியைப் படி, அல்லது எழுது — கொண்டுவரும்போது அதை வரிசையின் கடைசியில் சேர்க்கும். இன்னொன்று, இண்டரப்ட் வந்ததும் ஓடும்: முடிந்த கோரிக்கையை வரிசையின் தலையிலிருந்து கழற்றும், அதற்காகத் தூங்கிக்கொண்டிருக்கும் ப்ராசஸை எழுப்பும், அடுத்த கோரிக்கையை டிஸ்க்கிடம் கொடுக்கும். பிழை என்று டிஸ்க் சொன்னால் அதே கோரிக்கையைப் பத்து முறைவரை மறுபடியும் முயலும். ஒரே வரிசையை இரண்டு பகுதிகளும் தொடுகின்றன. ஆபத்து அங்கேதான்.

வரிசையில் ஒரே ஒரு கோரிக்கை இருக்கிறது, டிஸ்க் அதைச் செய்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பகுதி புதிய கோரிக்கையோடு வருகிறது. வரிசை காலியா என்று பார்க்கிறது. இல்லை, ஒன்று இருக்கிறது. சரி, அதன் வாலில் இதைக் கட்டுவோம் என்று முடிவெடுத்த அந்தக் கணத்தில், கட்டுவதற்கு முன், டிஸ்க் வேலையை முடித்து இண்டரப்ட் கொடுக்கிறது. இரண்டாம் பகுதி ஓடி, இருந்த ஒன்றையும் கழற்றிவிடுகிறது, வரிசை காலி, அடுத்து கொடுக்க எதுவும் இல்லை என்று திரும்பிவிடுகிறது. முதல் பகுதி விட்ட இடத்தில் தொடர்கிறது. நடுவில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. முடிந்துபோன பழைய கோரிக்கையின் வாலில் புதியதைக் கட்டிவிட்டு, டிஸ்க் சும்மா இருப்பதைக் கண்டு அதைத் தொடங்கச் சொல்கிறது. தொடங்கும் நிரல் வரிசையின் தலையைப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. புதிய கோரிக்கை யாரும் தேடி வராத இடத்தில் தொங்குகிறது. அதற்காகக் காத்திருக்கும் ப்ராசஸை எழுப்ப ஆளே இல்லை.

இந்தப் பிழை இரண்டு மூன்று கட்டளை அகலமுள்ள இடைவெளியில் குடியிருக்கிறது. மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒருநாள் ஒரு நிரல் காரணமே இல்லாமல் உறைந்துபோகும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் டைக்ஸ்ட்ரா சொன்னது இதைத்தான்.

யூனிக்ஸ் இதற்குக் கண்ட வழி எளிமையானது. பிடிபி-11 செயலிக்கு 0 முதல் 7 வரை முன்னுரிமை நிலைகள் உண்டு. டிஸ்க் நிலை 5-இல் சைகை கொடுக்கும், கடிகாரம் 6-இல். வரிசையைத் தொடும் முன் முதல் பகுதி செயலியின் நிலையை 5-க்கு உயர்த்திக்கொள்ளும். அந்த நிலை இறங்கும்வரை டிஸ்க்கின் சைகை வாசலில் நிற்கும். கடிகாரம் மட்டும் வழக்கம்போல் உள்ளே வரும். வரிசையில் சேர்த்து முடித்ததும் நிலையை மறுபடி 0-க்கு இறக்கும். முன்னே ஒரு வரி, பின்னே ஒரு வரி. டிஸ்க் வேலை முடியும்வரை தூங்கப்போகும் ப்ராசஸும் இதையே செய்கிறது: 'முடிந்தது' என்ற கொடியைப் பார்க்கும் முன்பே நிலையை 6-க்கு உயர்த்திவிடும். இல்லையென்றால் கொடியைப் பார்த்ததற்கும் கண்ணயர்வதற்கும் நடுவே எழுப்பும் குரல் வந்து வீணாகப் போய்விடும்.

இரண்டாம் பகுதிக்கு இன்னொரு கட்டுப்பாடு: அது எதற்காகவும் தூங்கக் கூடாது. இண்டரப்ட் வரும்போது செயலியில் ஓடிக்கொண்டிருப்பது டிஸ்க்குக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத யாரோ ஒருவருடைய ப்ராசஸ். டிரைவர் அதன் ஸ்டேக்கின் மேல் கொஞ்ச நேரம் ஏறி நிற்கிறது, அவ்வளவுதான். அங்கே தூங்கினால் தூங்குவது அந்த அப்பாவி ப்ராசஸ். அதனால் கையில் இருப்பதை வைத்து முடித்துவிட்டு உடனே இறங்க வேண்டும். டிரைவர் எழுதுபவர்களுக்கு இன்றுவரை முதல் பாடம் இதுதான். பாடத்தைச் சொல்லும் பலர் காரணத்தைச் சொல்வதில்லை.

யூனிக்ஸின் இந்தப் பதிப்பு வரும் முன்பே டைக்ஸ்ட்ரா வேறொரு வழியில் வெகுதூரம் போயிருந்தார். ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்8 கணினிக்காக அவரும் ஒரு சிறு குழுவும் கட்டிய இயங்குதளத்தைப் பற்றி 1968-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இயங்குதளம் அடுக்கடுக்காக எழுகிறது. அடிமட்ட அடுக்கு, எண் 0, கடிகாரத்தின் இண்டரப்டை வாங்கிக்கொண்டு செயலியை ப்ராசஸ்களுக்குப் பங்கிடுகிறது. அதற்கு மேலுள்ள எந்த அடுக்குக்கும் செயலி ஒன்றா பலவா என்பது பொருட்டே இல்லை. சாதனங்களிலிருந்து வருவதையும் போவதையும் தேக்கிவைக்கும் வேலை மூன்றாம் அடுக்கில், சாதாரண ப்ராசஸ்களின் கையில். அவை வரிசைக்கிரமமாக ஓடுபவை. வேலை இல்லாதபோது ஒரு செமஃபோரில் — சைகைகளை எண்ணிவைக்கும் ஓர் எண்ணில் — காத்திருப்பவை. யாராவது அந்த செமஃபோரை ஒன்று கூட்டினால் எழுந்து வேலையைத் தொடரும். எங்கிருந்தோ திடீரென்று பாயும் தாவல், காத்திருந்து எழும் ஒழுங்கான நடையாக மாறிவிடுகிறது. எந்த இடைவெளி என்ற கேள்வி அடிமட்டத்தின் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது; அந்தச் சில வரிகளை நிரூபித்துவிடலாம். பத்தாண்டுக்கு முன் வந்த பயத்துக்கு அவர் கண்ட முழு விடை இது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

உலகம் அப்போது யூனிக்ஸ் வழியைத்தான் எடுத்தது. அதில் வேகம் இருந்தது. இண்டரப்ட் வந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். சாதனங்கள் பெருகப் பெருக அதன் விலையும் தெரியவந்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இண்டரப்ட் கம்பிகள் எட்டு; கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, ஃபிளாப்பிக்கு 6 என்று ஒதுக்கியது போக மிஞ்சியவற்றுக்கு அடிதடி. 1984-இல் வந்த பிசி ஏடி இன்னொரு எட்டைச் சேர்த்தது. பிறகு வந்த பிசிஐ என்ற இணைப்பு முறை, பல சாதனங்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றது. அதாவது ஒரு சைகை வந்தால் அந்தக் கம்பியில் பதிந்துள்ள ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தின் நிலை ரெஜிஸ்டரைப் படித்து, கூப்பிட்டது இதுதானா என்று பார்க்க வேண்டும். சாதனத்தை அமைதிப்படுத்தாமல் ஒரு டிரைவர் திரும்பிவிட்டால் கம்பி இறங்காது. அடுத்த கணமே மறுபடி இண்டரப்ட், மறுபடி, மறுபடி. லினக்ஸ் கெர்னல் இதைக் கணக்கு வைக்கிறது. ஒரு கம்பியில் ஒரு லட்சம் இண்டரப்ட் வந்து, அதில் 99,900-க்கு மேல் எந்த டிரைவரும் தன்னுடையது என்று ஏற்கவில்லையென்றால், இதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே மூடிவிடும். அந்தச் செய்தியைத் திரையில் பார்த்த டிரைவர் எழுத்தாளருக்கு அன்று இரவு தூக்கம் கிடையாது.

இண்டரப்டுக்குள் நடக்கும் வேலையைக் குறைக்க லினக்ஸ் படிப்படியாக முயன்றது. உடனே செய்ய வேண்டியதை மட்டும் அங்கே செய்வது, மீதியைக் கொஞ்சம் கழித்துச் செய்யும்படி குறித்துவைப்பது என்று தொடங்கி, அதற்குப் பல ஏற்பாடுகள் வந்து போயின. 2009-இல் வெளிவந்த 2.6.30 பதிப்பில் தாமஸ் கிளைக்ஸ்னர் கொண்டுவந்த ஏற்பாட்டில் டிரைவர் இரண்டு செயற்கூறுகளைப் பதிவுசெய்யலாம். முதலாவது இண்டரப்டில் ஓடி, கூப்பிட்டது தன் சாதனமா என்று மட்டும் பார்த்து, அதை அடக்கிவிட்டுத் திரும்பும். இரண்டாவது தனி த்ரெட்டாக ஓடும். அது தூங்கலாம், பூட்டுக்காகக் காத்திருக்கலாம், அதைவிட முக்கியமான வேலை வந்தால் ஒதுங்கி வழிவிடலாம். குறித்த நேரத்துக்குள் எதிர்வினை காட்டியே தீர வேண்டிய இயந்திரங்களுக்காக வெளியே தனியாக வளர்ந்துவந்த லினக்ஸ் மாற்றங்களிலிருந்து வந்தது இது. அந்த மாற்றங்கள் முழுமையாக மூலக் கெர்னலுக்குள் வந்தது 2024-இல், 6.12 பதிப்பில். ஐந்தோவனின் மூன்றாம் அடுக்கில் இருந்த ப்ராசஸ்களையும் இந்த த்ரெட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். 1968-க்கும் 2009-க்கும் இடையே 41 ஆண்டுகள்.

டிஸ்க்குக்கும் விசைப்பலகைக்கும் இது போதும். பிணைய அட்டைக்குப் போதவில்லை. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் பாக்கெட்டுகள் வந்து விழும்போது, ஒவ்வொன்றும் ஓர் இண்டரப்டாக வந்தால், செயலி வாசலுக்கு ஓடுவதிலேயே தீர்ந்துபோகும்; வந்த பாக்கெட்டை எடுத்து மேலே கொடுக்க நேரமே இருக்காது. வரவு கூடக்கூட வேலை குறைந்து, ஒரு கட்டத்தில் அடியோடு நின்றுவிடும். ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996 யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அந்த நிலையை அளந்து காட்டினார்கள். நெரிசல் நேரத்தில் இண்டரப்டை அணைத்துவிட்டு, வந்திருக்கிறதா என்று செயலியே போய்க் கேட்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன மருந்து. லினக்ஸின் பிணைய டிரைவர்கள் அந்த மருந்தை எப்படி ஏற்றுக்கொண்டன என்பது அடுத்த பகுதியில்.

(தொடரும்)